மணலியில் ஆலை இருந்தும் பெட்ரோல் ஏன் நூறு ரூபாய்?

வடசென்னையில் ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "மணலியிலதான் சுத்திகரிக்கிறாங்க, தண்டையார்பேட்டையிலதான் டேங்க் டேங்கா நிக்குது. நமக்கும் எதுக்கு நூறு ரூபாய்?" நியாயமான கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால் ஒரு லிட்டரின் விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எது டாலரில் ஏறுகிறது, எது வரியில் ஏறுகிறது, எது வெறும் லாரி வாடகை என்று தனித்தனியாகத் தெரிந்துவிட்டால், பங்க்கில் மாறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் சொல்லிவிடலாம். இங்கே வரும் வரி விகிதங்களும் விலைகளும், வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில், 2025-ன் நிலவரம்.

முதலில் கச்சா எண்ணெய். இந்தியாவுக்கு வேண்டிய கச்சாவில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கப்பலிலிருந்து இறங்கி, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளக் குழாயில் மணலிக்குப் போகிறது. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965-ல் உருவாகி 1969-ல் ஓடத் தொடங்கிய ஆலைதான் இன்றைய சிபிசிஎல், அதாவது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். மணலி ஆலை ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சாவைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது.

கச்சா பீப்பாய்க் கணக்கில், டாலரில் விற்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். பீப்பாய் 68 டாலர், டாலர் 87 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 68-ஐ 87-ஆல் பெருக்கி 159-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 37 ரூபாய் சொச்சம் வரும். இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செய்தியில் கச்சா விலை வரும்போதெல்லாம் உதவும். பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு சுமார் 55 காசு. கச்சா விலை அப்படியே நின்று டாலர் மட்டும் ஒரு ரூபாய் ஏறினால் சுமார் 43 காசு. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தாலும், அதே சமயம் ரூபாய் சரிந்தால் நமக்கு அந்த மலிவு வந்து சேராததற்குக் காரணம் இதுதான்.

மணலி விலை எங்கே தீர்மானமாகிறது

கச்சா வாங்கிய விலையோடு ஆலைச் செலவையும் லாபத்தையும் கூட்டிப் பெட்ரோல் விலை வைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. ஆலை வாசலில் பெட்ரோலுக்கு வைக்கும் விலை, வளைகுடாப் பகுதிச் சந்தையில் அன்றைக்குப் பெட்ரோல் என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. 2006-ல் வந்த முறை: பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே கொண்டுவந்தால் ஆகும் விலைக்கு 80 பங்கு, இங்கிருந்து ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் விலைக்கு 20 பங்கு எடை கொடுத்துச் சராசரி எடுப்பது. அந்த 80 பங்குக்குள் கப்பல் வாடகை, காப்பீடு, இறக்குமதி வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் அடங்கும். மணலியில் உருவான பெட்ரோல் கப்பலே ஏறியதில்லை, விலையில் மட்டும் கப்பல் வாடகை இருக்கிறது.

காசிமேட்டு ஏலம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மீன் நம் கடலில் பிடித்ததுதான். ஆனால் கேரளா வண்டியும் ஏற்றுமதி கம்பெனி ஆளும் ஏலத்தில் நிற்கும் அன்றைக்கு, பக்கத்துத் தெருக்காரருக்கும் அவர்கள் கேட்கும் விலைதான்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, கச்சா விலை அசையாமலே பெட்ரோல் விலை ஏறலாம். அமெரிக்காவில் புயலடித்து ஆலைகள் மூடினாலும், போரில் ஆலைகள் எரிந்தாலும், கச்சா அப்படியே இருக்க, சுத்திகரித்த பெட்ரோலுக்கு மட்டும் தட்டுப்பாடு வந்து விலை தாவும். இன்னொன்று, ஆலைக்குக் கச்சா மலிவாகக் கிடைத்தாலும் பங்க் விலை தானாக இறங்காது. 2022-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து தள்ளுபடியில் கச்சா வந்தது. நாட்டின் இறக்குமதியில் 2 விழுக்காடுகூட இல்லாத ரஷ்யப் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் போனது. விலைக் கணக்கு வளைகுடாச் சந்தையை ஒட்டியது என்பதால், அந்தத் தள்ளுபடி வண்டி ஓட்டுபவர் கைக்கு நேராக வரவில்லை.

வரி: ஏறுவதும் இடத்துக்கு இடம் மாறுவதும் இங்கேதான்

சென்னையில் ஒரு லிட்டர் சாதாரணப் பெட்ரோல் 2025-ல் 101 ரூபாயை ஒட்டி நின்றது. பிரித்தால், எண்ணெய் நிறுவனம் டீலருக்குக் கொடுக்கும் வரிக்கு முந்தைய விலை சுமார் 53 ரூபாய். ஒன்றிய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. டீலர் கமிஷன் நான்கு ரூபாய் சொச்சம். இம்மூன்றும் சேர்ந்து 79 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அதன்மேல் தமிழ்நாட்டு அரசின் வாட் வரி.

கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது, அரசு அறிவித்தால்தான் மாறும். அந்த 21.90-ல் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மிச்சமெல்லாம் சிறப்புக் கூடுதல் கலாலும், சாலை செஸ், வேளாண் செஸ் என்று தனி நோக்கத்துக்காக வாங்கும் கூடுதல் வரிகளும். நிதிக்குழு விதிப்படி மாநிலங்களுக்குப் பங்கு கிடைப்பது அந்த 1.40-ல் மட்டும். மீதி முழுக்க ஒன்றிய அரசுக்கே. வரி குறைய வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மாநில அரசு ஒன்றிய அரசைக் கைகாட்டுவதன் பின்னணி இதுதான், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் வாட் இரண்டு துண்டு: 13 விழுக்காடு, அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 79 ரூபாய் 30 காசுக்கு 13 விழுக்காடு 10.31. அதோடு 11.52. மொத்தம் 21.83. கூட்டினால் 101 ரூபாய் சொச்சம். 13 விழுக்காடு கலால் வரியின் மேலும் போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 21.90-க்கு வாட் மட்டும் 2 ரூபாய் 85 காசு. வரிக்கு வரி என்று மக்கள் குறைப்படுவது இதைத்தான்.

2020 மே வரை இங்கே 34 விழுக்காடு என்று ஒரே விகிதம்தான் இருந்தது. அந்த மாதம் அதை 15 விழுக்காடு கூட்டல் 13.02 ரூபாய் என்று மாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் வந்த திருத்திய பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து இன்றைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பகுதி நிலையான தொகையாக இருப்பதில் நமக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. எண்ணெய் ஏறும்போது வரி அதே வேகத்தில் ஏறாது. எண்ணெய் இறங்கும்போது அந்த 11.52 ஒரு காசுகூட இறங்காது.

இதை நிஜ விலையிலேயே பார்க்கலாம். 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 14 முறை விலை ஏறியது. டெல்லியில் 95.41-லிருந்து 105.41, சரியாகப் பத்து ரூபாய். சென்னையில் 101.40-லிருந்து 110.85, அதாவது 9 ரூபாய் 45 காசு. நிறுவனங்கள் ஏற்றிய அடிப்படை விலை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டெல்லியின் வாட் 19.40 விழுக்காடு, நம்முடைய விழுக்காட்டுப் பகுதி 13. அந்த 55 காசு வித்தியாசம் முழுக்க இதிலிருந்து வந்தது.

இப்போது எல்லைக்குப் போவோம். எண்ணூரிலும் மணலியிலும் கன்டெய்னர் ஏற்றி வடக்கே போகும் லாரிகள் எளாவூர் செக்போஸ்ட் தாண்டுவதற்கு முன்பே டேங்க்கை நிரப்பிக்கொள்வதை அந்தச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆந்திராவில் பெட்ரோலுக்கு 31 விழுக்காடு வாட், லிட்டருக்கு 4 ரூபாய் கூடுதல் வாட், ஒரு ரூபாய் சாலை செஸ். அதே 79.30-க்குக் கணக்குப் போட்டால் 109 ரூபாயை ஒட்டி வரும். டீசலிலும் லிட்டருக்கு நான்கு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 300 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு அது ஒரு நடையில் 1,200 ரூபாய்க்கு மேல். கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் இடையில் எண்ணெயின் தரமோ கொண்டுவரும் தூரமோ இந்த அளவுக்கு மாறவில்லை. மாறியது வரிச் சட்டம் மட்டுமே. தெற்கே போனால் இதற்கு நேர்மாறு: புதுச்சேரியில் 2025 ஜனவரி உயர்வுக்குப் பிறகும் வாட் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறது, நிலையான தொகை கிடையாது, அதனால் சென்னையைவிட லிட்டருக்கு நான்கு ரூபாய்க்கு மேல் குறைவு.

கச்சா பீப்பாய்க்கு பத்து டாலர் ஏறினால் அடிப்படை விலை சுமார் 5 ரூபாய் 47 காசு ஏறும். வாட் சேர்ந்து சென்னையில் அது 6 ரூபாய் 18 காசு, தடாவில் 7 ரூபாய் 17 காசு. ஒரே போர், ஒரே கப்பல். ஐம்பது கிலோமீட்டருக்குள் விளைவு ஒரு ரூபாய் வேறுபடுகிறது.

இதையெல்லாம் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் சீராகிவிடும் என்பது பலர் எதிர்பார்ப்பு. கச்சா, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் ஜிஎஸ்டியின் வெளியே நிற்கின்றன. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய 45-வது ஜிஎஸ்டி கவுன்சில் இதைப் பேசிவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டது. மாநிலங்கள் தாங்களே விகிதம் வைக்க முடிகிற வரிகள் மிகச் சில. அவற்றில் பெரியது இது என்பதால் எளிதில் விடமாட்டார்கள்.

லாரி வாடகை எவ்வளவு

ஆலை பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது காசுக் கணக்கு. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிக்கு ஒரு நடைக்கு 6,000 ரூபாய் ஆகிறது என்றால் லிட்டருக்கு 50 காசுதான். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை டெர்மினல்களிலிருந்து மாதவரத்துக்கோ வியாசர்பாடிக்கோ போகும் லாரிக்கு இன்னும் குறைவு. பக்கத்துப் பக்கத்து பங்க்குகளில் சில காசு வித்தியாசம் தெரிந்தால், டெப்போ தூரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் கணக்கும்தான் காரணம். அந்தச் சில காசுக்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனால், போகிற பெட்ரோலுக்கே அது காணாது.

தூரத்தைவிட எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் முக்கியம். குழாயில் அனுப்புவது லாரியைவிடப் பலமடங்கு மலிவு. மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பெட்ரோலியப் பொருள் குழாய் ஓடுகிறது. கோவை, கரூர் பக்கத்துக்குக் கொச்சி ஆலையிலிருந்து குழாய் வருகிறது. குழாய் முடியும் இடத்திலிருந்து லாரியில் வெகுதூரம், அதுவும் மலையேறிப் போக வேண்டிய நீலகிரியிலும், டெப்போவுக்குத் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் சென்னையைவிட விலை கூடுதலாக இருக்கிறது.

கச்சா இறங்கியும் விலை ஏன் இறங்குவதில்லை

பெட்ரோல் விலையை அரசு கட்டுப்பாட்டிலிருந்து 2010 ஜூனில் விடுவித்தார்கள், டீசலை 2014 அக்டோபரில். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. எழுத்தில் இருப்பது இது. நடப்பது வேறு.

2021 நவம்பர் 4-ல் கலால் வரி ஐந்து ரூபாய் குறைந்தது. அதன் பிறகு ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நான்கரை மாதம் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. அதற்குள் உக்ரைன் போர் வந்து, மார்ச் முதல் வாரத்தில், உலகச் சந்தை அளவுகோலாகப் பார்க்கும் பிரென்ட் வகைக் கச்சா 139 டாலரைத் தொட்டு இறங்கியது. அடக்கி வைத்தது மொத்தமாக வெடித்ததுதான் மேலே சொன்ன 14 உயர்வு. 2022 மே 22-ல் கலால் இன்னும் எட்டு ரூபாய் குறைய, சென்னையில் 102.63. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அதே விலை. 2024 மார்ச் 15-ல் சுமார் இரண்டு ரூபாய் குறைத்தார்கள், அதுவும் மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய நாள்.

கச்சா ஏறிய காலத்தில் நிறுவனங்கள் நஷ்டத்தைத் தாங்கின, உண்மைதான். இறங்கிய காலத்தில் அதைத் தாண்டியும் ஈட்டின. 2025 ஏப்ரலில் கச்சா மலிந்து கொண்டிருந்தபோது ஒன்றிய அரசு கலாலை இரண்டு ரூபாய் ஏற்றியது. பங்க் விலை ஏறவில்லை, ஏனென்றால் இறங்க வேண்டிய இரண்டு ரூபாயை அது எடுத்துக்கொண்டது. 2020-ல் கொரோனா நாட்களில் கச்சா அதலபாதாளத்துக்குப் போனபோதும் இதுவே நடந்தது. மார்ச்சில் மூன்று, மே மாதத்தில் பத்து என்று கலால் 13 ரூபாய் ஏறி 33 ரூபாயைத் தொட்டது. விலை ஏறாத நாளில்கூட நாம் கூடுதல் வரி கட்டுகிறோம் என்பது இப்படித்தான், இது இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

சாதா, பவர், ஸ்பீடு, எக்ஸ்பி95: என்ன வித்தியாசம்

பவர், ஸ்பீடு, எக்ஸ்பி95 என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் விற்கும் பிரீமியம் பெட்ரோல் சாதாரணத்தைவிட லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். 100 ஆக்டேன் வகையோ 150 ரூபாயைத் தாண்டும். எதற்கு இந்த வித்தியாசம்?

இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் பொறி விட்ட பிறகே எரிய வேண்டும். பொறியில் தொடங்கிய தீ பரவி முடிவதற்குள், மிச்சக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகப் பற்றி வெடித்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும். அதுதான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டன் தலை தேயும். அப்படித் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன் எண். அது கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம்.

கச்சாவைக் காய்ச்சிப் பிரித்தவுடன் கிடைக்கும் நாஃப்தாவின் ஆக்டேன் மிகக் குறைவு, அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. பிளாட்டினம் வினையூக்கியின் மேல் ஏறத்தாழ 500 டிகிரி சூட்டில் செலுத்தி அதன் மூலக்கூறுகளை மாற்றியமைக்கிறார்கள். ஆக்டேன் ஏறும். ஆனால் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும், கையில் நிற்கும் பெட்ரோல் குறையும். எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு இழப்பு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கொண்டுவரச் சொல்கிறது. கந்தகம் நீக்கும்போது ஆக்டேனும் கொஞ்சம் இறங்கும், அதை மறுபடி ஏற்ற வேண்டும். பிரீமியம் விலையில் இந்தச் செலவோடு, இன்ஜின் சுத்தமாக இருக்கச் சேர்க்கும் மருந்துக் கலவையும், சாதாரணத்தைவிட 1 ரூபாய் 20 காசு கூடுதலான கலாலும், நிறுவனத்தின் லாபமும் சேரும்.

முன்பு சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேன். இப்போது எங்கும் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கு மேல் என்பதால் இ20-க்கான தரம் 95. அதாவது, வெறும் ஆக்டேனுக்காக 95 பிரீமியம் வாங்குவதில் முன்பிருந்த பொருள் இப்போது பெரும்பாலும் போய்விட்டது. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். 91 அல்லது 95 என்று போட்டிருந்தால் சாதாரணப் பெட்ரோல் போதும். அதற்கு மேல் கேட்கும் சில உயர்ரக வண்டிகளுக்கு மட்டும் கூடுதல் ஆக்டேன் தேவை.

சந்தேகம் இருந்தால் கணக்குப் போடலாம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டருக்கு 101 ரூபாய்ப் பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 24 காசு. 109 ரூபாய்ப் பெட்ரோலில் அதே செலவுக்கு வர 48.6 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் முழு டேங்க் முறையில் அளந்து பாருங்கள்: வாய்வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் நம்பத்தக்கதல்ல.

எத்தனாலைப் பற்றி இரண்டு விஷயம். அதன் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் எத்தனாலே கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் லிட்டருக்குச் சுமார் 7 விழுக்காடு சக்தி குறைவு. விலை மட்டும் குறையவில்லை, ஏனெனில் மக்காச்சோள எத்தனாலின் கொள்முதல் விலையே லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. அடுத்தது தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வெள்ளம் தேங்கும் மணலி புதுநகர், வியாசர்பாடி மாதிரியான பகுதிகளில் பெருமழைக்கு மறுநாள் பெட்ரோல் போட்டுச் சில நிமிடத்தில் வண்டி திக்கி நின்றால், கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் பில்லோடு பங்க்குக்குப் போய்க் கேட்கலாம்.

கொடுத்த விலைக்கு அளவு சரியா என்று பார்க்கவும் உரிமை உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் இருக்க வேண்டும், கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிவரை வித்தியாசம் அனுமதி. அதற்கு மேல் குறைந்தால் அந்த பம்ப்பில் விற்கவே கூடாது. காலையில் குளிர்ச்சியாகப் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது மட்டும் வேண்டாத கவலை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் விரியும், நிலத்தடி டேங்க்கின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அநேகமாக மாறுவதே இல்லை.